கூட்டாளிமாரைப் பிரித்துவிட்டு ஒற்றுமை பேச வேண்டாம்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் நம் பிள்ளைகளின் விஷயம் என்பதால் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். வாசித்த பிறகு எங்களைத் திட்டுவதென்றாலும் பரவாயில்லை.

விஷயம் இதுதான். பாடசாலைச் சாரணர் குழுவிலுள்ள அணிகளை எல்லாம் கலைத்து, பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் புதிதாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. மேல் கணக்குப் பிள்ளைகள் ஒரு அணியாகவும், கீழ் கணக்குப் பிள்ளைகள் ஒரு அணியாகவும், டவுன் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் ஒரு அணியாகவும் இருக்கிறார்களாம். அது நல்லிணக்கத்துக்கு நல்லதில்லையாம். ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேர் இங்கிருந்து, இரண்டு பேர் அங்கிருந்து என்று போட்டுவிட்டால் ஒற்றுமை தானாக வந்துவிடுமாம். அடுத்த பாசறைக்கு முன்னரே இதைச் செய்து முடிக்க வேண்டும் என்கிறார்கள்.

இந்த யோசனையைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் பிள்ளைகளோடு நாளும் பொழுதும் நிற்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், அணி என்றால் என்ன என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். சாரணியத்தில் சேர்ந்த பிள்ளை ஒரு பெரிய கூட்டத்தில் வரிசையில் நிற்கும் ஆள் இல்லை. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஒரு சின்ன அணிதான் அவனுடைய வீடு. அந்த அணிக்கு ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு தலைவர், ஒரு உதவித் தலைவர். ஒருவர் சாமான்களுக்குப் பொறுப்பு, ஒருவர் சமையலுக்குப் பொறுப்பு, ஒருவர் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பு. அணித் தலைவர்கள் கூடித்தான் குழுவின் வேலைகளைத் தீர்மானிக்கிறார்கள். ஆசிரியர் பின்னால் நிற்பார். பேடன் பவல் வகுத்த முறை இது. பிரித்தானியாவில் ரோலண்ட் பிலிப்ஸ் என்ற இளைஞர் 1914 அளவில் இந்த அணி முறையைப் பற்றியே தனியாக ஒரு கைநூல் எழுதினார். இரண்டு வருடத்தில் முதலாம் உலகப் போரில் உயிரிழந்தார். அவர் எழுதிவைத்த முறையில்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கச் சாரணர் குழுக்கள் நடக்கின்றன.

நம் நாட்டில் சாரணியம் ஆரம்பித்ததும் கொழும்பில் இல்லை. 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில். தேயிலை மலைகளுக்குப் பக்கத்தில் பிறந்த இயக்கம் இது. தோட்டத்துப் பிள்ளைக்கு இது யாரோ போடும் பிச்சை இல்லை, உரிமையுள்ள இடம்.

இப்போது வாதத்துக்கு வருவோம்.

கலைக்கச் சொல்பவர்களுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதை நாங்களே எடுத்து வைக்கிறோம். 1907 ஓகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் பாசறையில் இருபது பேர் அளவில்தான் சிறுவர்கள். ஈட்டன், ஹரோ போன்ற பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகள் ஒரு பாதி. போர்ன்மவுத், பூல் நகரங்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மறு பாதி. ஓநாய், காகம், காளை, நீர்ப்பறவை என்று நான்கு அணிகள். அந்த அணிகளில் பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் கலந்துதான் இருந்தார்கள். ஆகவே ஸ்தாபகரே கலந்துதானே வைத்தார், நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. பதில் இரண்டு.

ஒன்று, பிரவுன்ஸீயில் பிள்ளைகள் இருந்தது ஒரு வாரம் அளவு. தீவை விட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்றாக. அங்கே யாரை யாரோடு போட்டாலும் சந்திக்கத்தான் வேண்டும். நம் பிள்ளைகளின் வாழ்க்கை அப்படி இல்லை.

இரண்டு, அதற்கு அடுத்த வருடம் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1908 ஜனவரியில் இருந்து பேடன் பவலின் சாரணர் நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதை வாங்கி வாசித்த பையன்கள் பெரியவர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. தெருக் கூட்டாளிகள், பக்கத்து வீட்டுப் பையன்கள் என்று தாங்களாகவே அணி சேர்ந்தார்கள். பிறகுதான் தங்களுக்கு ஒரு சாரண ஆசிரியரைத் தேடிப் போனார்கள். பையன்கள் கூட்டமாகச் சேர்வது இயற்கை, அந்தக் கூட்டத்தை உடைக்காமல் நல்ல வழியில் வேலை வாங்க வேண்டும் என்பதுதான் அணி முறையின் அடிப்படை. பிரவுன்ஸீ ஒரு வாரப் பரிசோதனை. சாரணியத்தை உலகம் முழுக்கக் கொண்டு போனது கூட்டாளிமாரின் அணிகள்.

பெண் பிள்ளைகளின் கதையும் இதுதான். 1909 செப்டெம்பரில் லண்டன் கிறிஸ்டல் பலஸில் பதினோராயிரம் சாரணர்கள் கூடிய இடத்துக்கு, யாரும் அழைக்காமலேயே, ஒரு சிறு கூட்டம் பெண் பிள்ளைகள் தாங்களே தைத்த உடையோடு வந்து நின்றார்கள். ஒருத்தி தனியாக வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கூட்டாளிகளாக வந்ததால்தான் நின்றார்கள். அடுத்த வருடம் பெண் சாரணியம் பிறந்தது. 1917இல் அது கண்டிக்கும் வந்தது.

இனி நிவித்திகலைக்கு வருவோம். சட்டம், வரலாறு எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பெரிய காரணம் இந்த மண்ணின் பாதைதான்.

அணி என்பது பாடசாலைக் கூட்டத்தில் மட்டும் சந்திப்பதில்லை. கிழமையில் ஒரு நாளாவது அவர்களாகவே கூடி முடிச்சுப் போட்டுப் பழக வேண்டும், சமையல் பழக வேண்டும், சின்னத்துக்குரிய வேலைகளைச் செய்ய வேண்டும். மேல் கணக்குப் பிள்ளைகள் எங்கே கூடுவார்கள்? லயத்துக்குப் பின்னால், கோயிலடியில், பிள்ளைக் காம்பரா திண்ணையில். டவுன் பிள்ளைகள் எங்கே கூடுவார்கள்? பள்ளிவாசலடியில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில். மேல் கணக்குப் பிள்ளை பாடசாலை விட்டு வீடு போய்ச் சேரும்போதே மாலையாகிவிடும். மழை என்றால் அட்டைக்கடி. அந்த நேரத்துக்குப் பிறகு பஸ் இல்லை. த்ரீவீலுக்குக் காசு இல்லை. நீங்கள் பட்டியல் போட்டு இரண்டு மேல் கணக்குப் பிள்ளைகளை டவுன் அணியில் சேர்த்தால் அந்த அணிக் கூட்டத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? வரமாட்டார்கள். ஒரு கிழமை வரமாட்டார்கள், இரண்டு கிழமை வரமாட்டார்கள், மூன்றாம் கிழமை அணித் தலைவர் பெயரை வெட்டிவிடுவார். கடைசியில் சாரணியத்தில் மிஞ்சுவது டவுன் பிள்ளைகள் மட்டும்தான். நல்லிணக்கத்தின் பெயரால் தோட்டத்துப் பிள்ளையை வெளியே தள்ளிய கதையாகத்தான் அது முடியும்.

இன்னொன்று. இதைச் சொன்னால் டவுன் பெற்றோர் சிலருக்குக் கசக்கும். சொல்லத்தான் வேண்டும்.

கலந்த அணியில் யார் தலைவராவார்? வாய் உள்ள பிள்ளை. சிங்களம் நன்றாகப் பேசும் பிள்ளை. கையில் போன் உள்ள பிள்ளை. வீட்டில் கூடாரத் துணியும் டோர்ச்சும் வாங்கிக் கொடுக்க வாப்பா உள்ள பிள்ளை. அந்தப் பிள்ளை மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்கு அணியிலும் அவனே தலைவன் என்றால், நான்கு அணியிலும் தோட்டத்துப் பிள்ளை என்ன செய்வான்? விறகு பொறுக்குவான், தண்ணீர் தூக்குவான், சட்டி கழுவுவான். தாயும் தகப்பனும் தோட்டத்தில் செய்யும் வேலையையே பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு பாசறையில் செய்வான். கட்டளை போடும் ஒருவரும் கேட்டு நடக்கும் ஒருவரும் என்ற பழைய துரைமார் காலத்து ஒழுங்கை நாம் பாசறையிலும் நட்டுவைக்கப் போகிறோமா?

அவர்களுடைய சொந்த அணியில் இருந்தால் நிலைமை வேறு. அங்கே எட்டுப் பேரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். யாராவது ஒருவர் தலைவராக வேண்டியிருக்கிறது. யாராவது ஒருவர் கணக்கு வைக்க வேண்டியிருக்கிறது. யாராவது ஒருவர் சிங்களத்தில் பேசி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. வேறு ஆள் இல்லை. ஆகவே பேசாத பிள்ளை பேசுகிறான். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனியும் பிள்ளை, தன் அணிக்காக நடுவரிடம் போய் எங்கள் புள்ளி ஏன் குறைந்தது என்று கேட்கிறான். இது எங்கள் கண்ணெதிரே நடக்கிறது. தலைமைத்துவம் என்று மேடையில் பேசுகிறோமே, அது இப்படித்தான் வளர்கிறது. தேவை வந்தால்தான் தலைவன் வருவான். எல்லா அணிக்கும் ஆயத்தத் தலைவர்களைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டால் புதிய தலைவன் எங்கிருந்து வருவான்?

அடுத்த ஆட்சேபனை: ஒரே கூட்டமாக விட்டால் அணிகளுக்குள் பகை வளரும் என்பது.

இதற்குக் கல்வியியல் படித்தவர்கள் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ரொபர்ஸ் கேவ் என்ற இடத்தில், துருக்கியில் பிறந்த முஸாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பாசறையில் வைத்தார். ஒரு குழு கழுகுகள், மற்றது பாம்புகள். போட்டிகள் வைத்ததும் பகை வந்துவிட்டது. கொடியை எரித்தார்கள், தங்குமிடத்தைச் சூறையாடினார்கள். பார்த்தீர்களா, குழுவாக வைத்தால் இதுதான் நடக்கும் என்பார்கள்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் பகையைத் தீர்க்க ஷெரிஃப் முதலில் என்ன செய்தார்? இரண்டு குழுவையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார். பலன் இல்லை. சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். சும்மா பக்கத்தில் உட்கார வைப்பது ஒற்றுமை ஆகாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிறகு தண்ணீர்த் தாங்கி அடைபட்டது. எல்லோருக்கும் தாகம். இரண்டு குழுவும் சேர்ந்துதான் சரி செய்ய வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டு வரும் லொறி நின்றுபோனது. கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கடைசி நாளில் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் ஒரு குழு தான் வென்ற பரிசுக் காசில் எல்லோருக்கும் பால்பானம் வாங்கிக் கொடுத்தது.

கவனியுங்கள். ஷெரிஃப் குழுக்களைக் கலைக்கவில்லை. கழுகுகள் கழுகுகளாகவே இருந்தார்கள், பாம்புகள் பாம்புகளாகவே இருந்தார்கள். குழுவை உடைக்காமல், குழுக்களுக்கு நடுவில் ஒரு பொது வேலையை வைத்தார். பகை போய்விட்டது.

அதற்கு முந்திய வருடம், 1953இல், அவர் நியூயோர்க் மாநிலத்தில் நடத்திய பாசறையின் கதை இன்னும் சுவாரசியம். அங்கே பிள்ளைகளை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, பிறகு கூட்டாளிமாரை இரண்டு பக்கமாகப் பிரித்துச் சண்டை மூட்டப் பார்த்தார்கள். பிள்ளைகள் சண்டை போடவே மறுத்துவிட்டார்கள். பரிசோதனையையே கைவிட வேண்டியதாயிற்று. உண்மையாகப் பழகிய கூட்டாளித்தனம் பெரியவர்களின் தந்திரத்தை விடப் பலமானது. இதிலிருந்து நாங்கள் எடுக்கும் பாடம்: கலக்க வேண்டும் என்றால் சின்ன வயதில் கலவுங்கள். ஏழு வயதில் குருளைச் சாரணராக வரும் பிள்ளைகளை ஊர் பார்க்காமல் கலந்து விடுங்கள். அந்த வயதில் யார் யாரோடும் ஒட்டிக்கொள்வார்கள். பதினான்கு வயதில், ஐந்து வருடம் ஒன்றாக நடந்து வந்த எட்டுப் பேரைப் பட்டியல் போட்டுப் பிரிக்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் மூடி மறைக்காமல் பேசுவோம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, நான்கு முஸ்லிம் வாலிபர்கள் ஒன்றாக நின்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு காலம் வந்தது. இன்றைக்கும் அது முழுசாகப் போய்விடவில்லை. முஸ்லிம் பிள்ளைகள் தனி அணியாக இருப்பது நல்லதில்லை, நாளைக்குப் பிரச்சினை வரும் என்று சொல்பவர்கள் வெளியாட்கள் மட்டுமில்லை. நம் ஆட்களே பயத்தில் சொல்கிறார்கள். அந்தப் பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பயத்தில் எடுக்கும் முடிவு சரியான முடிவு ஆகாது.

யோசித்துப் பாருங்கள். ஆபத்தான கூட்டம் எது? யாருக்கும் தெரியாமல், மூடிய கதவுக்குள், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மறைத்துச் சேரும் கூட்டம். சாரணர் அணி எது? பட்டப்பகலில், சீருடையோடு, கொடியோடு, பாடசாலை மைதானத்தில், அதிபரும் பெற்றோரும் பார்க்கச் சேரும் கூட்டம். அவர்களுடைய வாக்குறுதியிலேயே சமயமும் நாடும் பிறருக்கு உதவுவதும் ஒன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது அநியாயம். முதலாவதைத் தடுக்க வேண்டும் என்றால் இரண்டாவதைப் பலப்படுத்த வேண்டும். நாம் அவர்களை மைதானத்திலிருந்து பிரித்து அனுப்பினால் அவர்கள் கூடாமல் இருக்கப் போவதில்லை. சந்தியில் கூடுவார்கள். போனில் கூடுவார்கள். அங்கே அவர்களுக்குத் தலைவராக வருபவன் யார் என்று நமக்குத் தெரியாது.

சந்தி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பதினைந்து வயதுப் பையனை இழுக்க எத்தனை கைகள் நீள்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். மாணிக்கக் குழியில் ஒரு நாள் கூலி. ஐஸ் விற்பவன் கொடுக்கும் முதல் பொட்டலம் இனாம். கொழும்புக் கடைகளில் வேலை. பாடசாலையை விட்டு விலகும் பிள்ளையை யார் திருப்பிக் கொண்டு வருகிறார்கள்? வரவுப் பதிவேடு கொண்டு வருவதில்லை. அதிபரின் கடிதம் கொண்டு வருவதும் குறைவு. அவனுடைய கூட்டாளிகள்தான் லயத்துக்குப் போய், சனிக்கிழமை நம் அணிக்கு ஆள் குறைகிறது, வாடா என்று இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கயிற்றை நாமே அறுக்க வேண்டுமா?

எங்கள் தோட்டத்து உறவுகளுக்குப் பட்டியல் என்ற சொல் புதிதில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இலக்கம் போட்டுப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாட்டில், தம்பி ஒரு நாட்டில். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் மறுபடி பார்க்கவேயில்லை. 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் நடந்த வன்முறையில் எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளிடம், உங்கள் நன்மைக்காகத்தான் பிரிக்கிறோம் என்று சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். சாரணர் பட்டியலும் அந்தப் பட்டியலும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் பிரிப்பது என்ற பழக்கம் ஒன்றுதான். இந்த விஷயத்தில் யாராவது பிள்ளைகளைக் கேட்டார்களா?

மார்க்கம் தெரிந்த சகோதரர்கள் சிலர், ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சோடி சோடியாகச் சகோதரர்களாக்கினார்களே என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதே மதீனாவின் சாசனத்தைப் பாருங்கள். முஹாஜிர்கள் ஒரு கூட்டமாகவும், அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்களின் கிளைகள் தனித்தனிக் கூட்டங்களாகவும் பெயர் சொல்லப்பட்டு, ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களின் பொறுப்பைத் தானே சுமக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. யூதக் கோத்திரங்களும் அந்தச் சாசனத்தில் இடம்பெற்றன. கோத்திரத்தைக் கலைக்காமல், எல்லாக் கோத்திரத்துக்கும் மேலே ஒரு பொதுப் பொறுப்பு வைக்கப்பட்டது. சூரா ஹுஜுராத்தின் பதின்மூன்றாம் வசனத்தின் கருத்தும் அதுதானே. கூட்டங்கள் இருப்பது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கு. அறிந்துகொள்ள முதலில் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் விஷயமும் இதில் சேர்ந்துதான் இருக்கிறது. ஓர் உம்மா மகளைப் பாசறைக்கு அனுப்பத் தயங்கும்போது முதலில் கேட்கும் கேள்வி எது? எந்த இடம், எத்தனை மணி என்பதெல்லாம் பிறகு. யார் யார் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் மாமி மகளும் போகிறார்கள் என்றால் சரி போ என்பார். தெரியாத ஆறு பேரோடு ஒரு கூடாரத்தில் என்றால் அனுப்ப மாட்டார். லயத்து அம்மாவும் அப்படித்தான். கூட்டாளிகளைப் பிரிக்கும் நாளில் முதலில் குறையப் போவது பெண் பிள்ளைகளின் வரவுதான்.

அப்படியென்றால் ஒற்றுமை வேண்டாமா? வேண்டும். எங்களுக்கு உங்களை விட அதிகமாக வேண்டும், ஏனென்றால் சண்டை வந்தால் நடுவில் நிற்பது ஆசிரியர்தான். ஆனால் ஒற்றுமைக்கு வழி வேறு.

உலக ஜம்போரியைப் பாருங்கள். 2023இல் தென்கொரியாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அவர்களை யாரும் நாடு நாடாகப் பிய்த்துக் கலந்து போடவில்லை. ஒன்பது பேர் ஓர் அணி, நான்கு அணியும் நான்கு பெரியவர்களும் சேர்ந்து நாற்பது பேர் ஒரு பிரிவு. அந்தப் பிரிவு தன் நாட்டிலிருந்தே சேர்ந்து வருகிறது, சேர்ந்தே தங்குகிறது. ஆனால் பக்கத்துக் கூடாரம் வேறு நாடு. அடுப்பு பக்கத்தில் அடுப்பு. உப்பு இரவல் கேட்கப் போய்த்தான் சிநேகம் வருகிறது. நம் நாட்டில் 2016இல் யாழ்ப்பாணத்திலும் 2024இல் திருகோணமலையிலும் தேசிய ஜம்போரி நடந்தபோதும் பாடசாலைக் குழுக்கள் குழுக்களாகத்தான் போய் நின்றன. தெற்கிலிருந்து போன சிங்களப் பிள்ளை தன் கூட்டாளிகளோடு போனதால்தான் தைரியமாகப் பக்கத்துக் கூடாரத்துத் தமிழ்ப் பிள்ளையோடு பேசினான். தனியாக விட்டால் பிள்ளை ஒடுங்கிப் போவான். கூட்டாளி பக்கத்தில் இருந்தால்தான் வெளியாளோடு சிரிப்பான்.

நம் மாவட்டத்துக்கு வெள்ளம் யார் சொல்லித் தரத் தேவையில்லை. 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாடு முழுவதும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இரத்தினபுரி மாவட்டம் பட்ட பாடு நாம் அறிந்தது. அந்த நாட்களில் விகாரையிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் சமைத்த சாப்பாடு யார் வீடு என்று பார்க்காமல் போனது. ஆனால் யாரும் விகாரைச் சபையையும் பள்ளிவாசல் வாலிபர்களையும் கலைத்துவிட்டுப் புதிய குழு அமைத்துச் சமைக்கவில்லை. அவரவர் கூட்டம் அவரவரை நம்பி வேலை செய்தது, வேலையின் பலன் எல்லோருக்கும் போனது. மண் சரியும் இரவில் யாருடைய கையைப் பிடிப்பது என்று பட்டியல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பழகிய கைதான் பிடிக்கும்.

அதே நேரம், ஒட்டியிருக்கும் கூட்டம் எல்லாமே நல்ல கூட்டம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எல்லை இருக்கிறது. அதையும் தெளிவாக எழுதுகிறோம்.

ஒரு அணி புதிதாக வரும் பிள்ளைக்குக் கதவைச் சாத்தினால், அந்த அணியைத் திறக்க வேண்டும். யார் கேட்டு வந்தாலும், எந்தச் சமயமானாலும், எந்த லயமானாலும், இடம் இருந்தால் சேர்க்கத்தான் வேண்டும். ஒரு அணிக்குள் ஒரு பிள்ளையை அடித்தாலோ, சாதியையோ நிறத்தையோ சொல்லிக் கேலி செய்தாலோ, அந்த அணித் தலைவரை அன்றைக்கே மாற்ற வேண்டும். ஒருவனே வருடக்கணக்கில் தலைவனாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஒரு பிள்ளை தானாகவே, நான் அந்த அணிக்குப் போகிறேன் ஸேர் என்று கேட்டால், யாரும் தடுக்கக் கூடாது. அணி பிள்ளைக்கு வீடு. வீட்டுக்குக் கதவு இருக்க வேண்டும், பூட்டு இருக்கக் கூடாது.

இனி எங்கள் வேண்டுகோள்.

அதிபர்மாரிடமும் மாவட்டச் சாரணப் பொறுப்பாளர்களிடமும்: இருக்கும் அணிகளைப் பட்டியல் போட்டுக் கலைக்க வேண்டாம். குருளைச் சாரணர் பிரிவிலிருந்தே கலந்து வளர்க்கும் ஏற்பாட்டைச் செய்வோம். பாசறையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலை அணிகளின் கூடாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டு அணிக்கு ஒரு தண்ணீர்ப் பீப்பாய், மூன்று அணிக்கு ஒரு பாலம் கட்டும் வேலை என்று கொடுங்கள். புள்ளியைத் தனி அணிக்கு மட்டும் கொடுக்காமல், சேர்ந்து முடித்த வேலைக்கும் கொடுங்கள். இன்னொரு அணிக்குக் கற்றுக் கொடுத்த அணிக்கு மேலதிகப் புள்ளி கொடுங்கள். பாசறைத் தீயைச் சுற்றி எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும். படம் எடுப்பதற்காக ஒருவரைத் தொப்பியோடும் ஒருவரைத் திருநீறோடும் தேடிப் பிடித்து நடுவில் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். பிள்ளைகளுக்கு அது விளங்குகிறது, அவர்கள் வெட்கப்படுகிறார்கள்.

டவுன் பெற்றோரிடம்: உங்கள் பிள்ளையின் அணி வாங்கும் கயிறும் கூடாரத் துணியும் குழுவுக்குப் பொதுவாக இருக்கட்டும். அணியைப் பிரிப்பதை விட சாமானைப் பங்கிடுவது பெரிய நல்லிணக்கம்.

தோட்டத்துப் பெற்றோரிடம்: உங்கள் பிள்ளைகள் ஒன்றாக வரட்டும், ஒன்றாகப் போகட்டும். ஆனால் கீழ் கணக்குப் பிள்ளையும் டவுன் பிள்ளையும் மேலே உங்கள் லயத்துக்கு வந்தால், உட்கார வைத்து ஒரு பிளேன்டீ கொடுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது எல்லா அணியும் ஒரு அணியின் இடத்தில் கூட வேண்டும் என்று நாங்கள் ஏற்பாடு செய்யப் போகிறோம். டவுன் பிள்ளைகள் ஒரு முறையாவது அந்த மேட்டை ஏறிப் பார்க்க வேண்டும். தன் கூட்டாளி தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்பது எந்த மேடைப் பேச்சிலும் விளங்காது, காலில்தான் விளங்கும்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும்: மழைக் காலத்தில் அணிக் கூட்டத்துக்கு ஒரு திண்ணை கொடுங்கள். அவ்வளவு போதும்.

எங்கள் மேல் கோபம் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் சொல்லி யாரையும் தாக்காமல் எழுதுங்கள், பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து அரை மணி நேரம் நின்று பாருங்கள். அணிகளிடமே கேளுங்கள். பிரிக்கப்படப் போவது அவர்கள் என்பதால் முதல் வாக்கு அவர்களுடையதாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.